என் அப்பா லமூசா

கம்பு அறுவடை முடிந்து தட்டைகளைக் கட்டி அடுக்கியிருந்த வாரத்தில், என் தம்பி மனைவி தலாதோ முற்றத்தின் நடுவே நடந்து காட்டினாள். இடுப்பில் லமூசாவின் நீலத் துணி. தலையில் லமூசாவின் முண்டாசு. கையில் லமூசாவின் சுரைக்குடுவை. வலது காலை விறைப்பாக வைத்து, மண்ணில் கோடு இழுத்தபடி பத்தடி நடந்தாள். வாசலருகே நின்று மூன்று முறை இருமினாள்.

"ஏய் தூங்குமூஞ்சிகளா, சூரியன் உங்க தலையில வந்து உக்காரட்டும்னு காத்திருக்கீங்களா?"

கம்பு தூற்றிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"அப்படியே நோவாகா! அச்சு அசல்!" என்றாள் ஒருத்தி.

அதுதான் சிக்கல். நோவாகா என் அப்பா. அவர் இறந்து இருபத்து மூன்று வருடங்கள் ஆகின்றன. தலாதோ நடித்துக் காட்ட வேண்டியது அவரை அல்ல. மழை தொடங்கிய மாதத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த என் சித்தி லமூசாவை.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த தீகா சித்தப்பா கையை உயர்த்தினார். லமூசா அவருடைய மனைவி.

"நிறுத்தும்மா. அது என் அண்ணன். எனக்கு என் பொண்டாட்டி வேணும்."

"மாமா, நான் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து அவங்கள இப்படித்தான் பார்த்திருக்கேன். இவங்கள விட்டா வேற லமூசா இருந்தா காட்டுங்க. நடக்குறேன்."

பெண்கள் மறுபடி தூற்றத் தொடங்கினார்கள்.

எங்கள் ஊரில் யாராவது இறந்தால் அன்றே புதைத்துவிடுவோம். வழியனுப்பும் சடங்கு மட்டும் அறுவடைக்குப் பிறகு, எல்லோர் வீட்டிலும் தானியம் இருக்கும் நாளில். அன்று, கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த பெண்களில் ஒருத்தி இறந்தவரின் துணியை உடுத்திக்கொண்டு அவர்போல் நடப்பாள், பேசுவாள், வைவாள். அவளைக் குரிதா என்போம். இறந்தவர் அவளைப் பார்த்துத்தான் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று அறிந்துகொள்வார். பெண் இறந்தால் இன்னொன்றும் உண்டு. பிறந்த வீட்டார் வந்து அவளுடைய சுரைக்குடுவையை வாங்கிக்கொண்டு போவார்கள். அவளும் அதோடு தன் முன்னோரிடம் போவாள். வாங்குவதற்கு முன் அவளுடைய அண்ணன் குரிதாவைப் பார்த்து, 'இது எங்க பொண்ணு' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குடுவை இங்கேயே தங்கிவிடும். ஆற்றுப் பக்கத்து வீடு ஒன்றில் அப்படி ஒரு குடுவை மூன்று வருடம் வேலியில் தொங்கியது. அந்தப் பக்கம் யாரும் தண்ணீருக்குப் போகமாட்டார்கள்.

லமூசாவின் சடங்குக்கு இன்னும் பதினெட்டு நாட்கள் இருந்தன. ஆனால் லமூசா எப்படி நடப்பாள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஏனென்றால், என் அப்பாவின் சடங்கில் குரிதாவாக இருந்தவள் அவள்தான்.

அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. குரலே கேட்காது. அவளைத் தேர்ந்தெடுத்தது திறமையைப் பார்த்து அல்ல. அப்பாவுக்கு ஒரே தம்பி, அந்தத் தம்பிக்கு ஒரே மனைவி, அவ்வளவுதான். இந்த ஊமை என்ன நடிக்கப்போகிறாள் என்று கிழவர்கள் முணுமுணுத்ததை நான் கேட்டேன். எனக்கு வயது பதினைந்து.

அப்பாவின் வெள்ளைப் பருத்தி அங்கியைப் போட்டுக்கொண்டு, அவருடைய தடியோடு வெளியே வந்தாள். வலது காலை இழுத்து நடந்தாள். வாசலில் எங்கள் கழுதை படுத்திருந்தது. அப்பாவைத் தவிர வேறு யாருக்கும் வழிவிடாத கழுதை அது. அவள் மூன்று முறை இருமினாள். கழுதை எழுந்து ஒதுங்கி நின்றது. கூட்டத்தில் சிரிப்பு அடங்கிப்போனது. "ஏய் தூங்குமூஞ்சிகளா!" என்றாள் லமூசா. நான் அழத் தொடங்கினேன்.

அன்றிலிருந்து அவள் எனக்கும் தம்பிக்கும் அப்பா. அதுதான் வழக்கம், சடங்கு முடிந்தாலும் அந்த உறவு முடியாது. "அப்பா, சாப்பிட்டியா?" "அப்பா, காய்ச்சல் விட்டுருச்சா?" என்றுதான் இருபத்து மூன்று வருடம் அவளிடம் பேசினோம். எங்கள் அம்மா தம்பி பிறந்தபோதே இறந்துவிட்டாள். ஆக எங்களை வளர்த்த பெண்ணுக்கு அப்பா என்றே பெயர்.

தீகா சித்தப்பா பாடுதான் திண்டாட்டம். தன் மனைவியைப் பொது இடத்தில் பார்த்தால் குத்துக்காலிட்டுத் தலை குனிந்து, "அண்ணா, நல்லா தூங்கினியா?" என்று கேட்க வேண்டும். அவளும் தாடையைத் தூக்கிக்கொண்டு, "தூங்கினேன்டா தம்பி. நீ போட்ட குறட்டையில கூரைதான் தூங்கல" என்பாள். பார்ப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். "குடிசைக்குள்ள போனா யாரு அண்ணன், யாரு தம்பி?" என்று கேலி செய்ய உரிமையுள்ள பேரன் முறைக்காரர்கள் கேட்பார்கள். "உள்ள வெளக்கு இல்ல, முகம் தெரியாது" என்பார் சித்தப்பா.

ஆண்கள் உட்காரும் மரக்கட்டையில் அவளும் உட்காரலாம். சோளத்தில் காய்ச்சிய தோலோ என்ற கள்ளின் முதல் குடுவை அவளுக்கு. குரிதாவின் பேச்சு சட்டம் அல்ல. ஆனால் இறந்தவர் குரலில் வருவதை மறுத்துப் பேச யாருக்கும் நாக்கு எழாது.

அப்படி வந்த ஒரு பேச்சினால்தான் நான் படித்தேன். அப்பாவின் சடங்கு முடிந்த மாதத்தில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ஒரு கினிக்கோழியோடு வந்தார். அவருக்கு ஏற்கெனவே மூன்று மனைவிகள். நான் தானியக் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்டேன். வெகுநேரம் பேச்சில்லை. பிறகு அப்பாவின் இருமல். "என் பொண்ணு பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும். மூணு பொண்டாட்டிக சண்டைய விலக்கிவிட நீ வேற ஆளப் பாரு."

கினிக்கோழி வந்த வழியே திரும்பிப் போனது. இப்போது நான் தலைநகரில் பூகோளம் கற்பிக்கிறேன். இறந்த பிறகும் என் அப்பா என்னைப் பள்ளிக்கு அனுப்பினார் என்று மாணவிகளிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

ஆக, எனக்கு நன்றாகத் தெரிந்த லமூசா என்பது நோவாகாதான். அவளிடம் அவளுடையதாக என்ன இருந்தது? அழுகையை விட இந்தக் கேள்விதான் அந்த நாட்களில் என்னைப் பிடித்துக்கொண்டது. பள்ளியில் மூன்று வாரம் விடுப்புக் கேட்டு வாங்கினேன்.

முதலில் சித்தப்பாவிடம் போனேன்.

"கல்யாணமாகி வந்த புதுசுல சித்தி எப்படி நடப்பாங்க, சித்தப்பா?"



"மூணு வருஷம்தான் அவ அவளா இருந்தா. அப்ப நான் நெலத்தப் பார்த்துக்கிட்டு நடந்தேன். அவ காலப் பாக்கல."

"பேச்சு? சிரிப்பு?"

"கையால வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்பா. எல்லாப் புதுப் பொண்ணும் அப்படித்தானே சிரிக்கும்?" என்றார். பிறகு, "அவ அண்ணன் யம்பா லேசுல ஒத்துக்கமாட்டான். கண்ணு கூர்மையான ஆளு. 'என் தங்கச்சியக் குடுத்தேன், நீங்க ஒரு நொண்டிக் கிழவனத் திருப்பிக் குடுக்கிறீங்களா'ன்னு கேப்பான். நான் என்ன சொல்லட்டும்?" என்று தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாளுக்கு ஒருமுறை கூடும் சந்தையில் தோலோ விற்கும் கிழவி தோயே. லமூசா சந்தைக்குப் போனால் அவள் பானைகளுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருப்பாள். தோயே சாமோ இனத்தவள். நாங்கள் மோஸி. இரண்டு கூட்டத்துக்கும் பாட்டன் காலத்திலிருந்தே கேலி உறவு. ஒருவரையொருவர் எதையும் சொல்லலாம். கோபப்பட்டால் கோபப்பட்டவர்தான் குற்றவாளி.

என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கத்தினாள்.

"வாடி என் அடிமை! எஜமானிக்கு என்ன கொண்டாந்த?"

"நாய்த்தலை தேடினேன். ஒண்ணும் கெடைக்கல. முந்தாநாளே உங்க ஆளுங்க எல்லாத்தையும் தின்னு தீர்த்துட்டாங்களாம்."

"பாத்தியா திமிர! குதிர மேல ஏறிட்டா ராஜா வம்சம்னு நெனப்பு. உங்க பாட்டனுக்குக் குதிரையில எந்தப் பக்கம் மூஞ்சின்னு சொல்லிக் குடுத்ததே எங்க பாட்டன்தான். உக்காரு."

குடுவையில் ஊற்றிக் கொடுத்தாள். நான் முன்னோருக்கு இரண்டு சொட்டு மண்ணில் விட்டுவிட்டுக் குடித்தேன். லமூசாவைப் பற்றிக் கேட்டேன்.

"உங்கப்பனா? அவன் என்ன பண்ணுவான்? இந்தப் பானைக்குப் பின்னால, வலது முட்டிய மடக்கி, அது மேல தாடைய வச்சுக்கிட்டு, மழைக்குக் காத்திருக்கிற தவள மாதிரி உக்காந்திருப்பான். மூச்சு விடமாட்டான். ரெண்டு குடுவ உள்ள போனப்புறம்தான் வாயத் தொறப்பான். தொறந்தான்னா, மறுநாள் உங்க வீட்டுல எவனாவது ஒருத்தன் அழுவான்."

"தவளையா? உன் பானையில விழுந்த தவளையவா சொல்ற?"

"ஆமாடி. அதுதான் ருசியே. நாளைக்கும் வா."

சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டேன். கேலி உறவுக்காரி வாயிலிருந்து வருவதில் எதை உண்மை என்று எடுப்பது? தவளையை இன்னொரு வசவாகக் கணக்கில் வைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஊரில் அவளை உற்றுப் பார்த்த ஒரே ஆள் சொன்ன ஒரே உண்மையை, சொன்னவள் யார் என்பதற்காகத் தள்ளிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து நானும் சித்தப்பாவும் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். அப்பாவைப் பற்றி ஏதோ பேச்சு வந்து, என்னைப் படிக்கவைத்தாரே என்று சொன்னேன். சித்தப்பா சிரித்தார்.

"உயிரோட இருந்தப்ப இல்ல. செத்தப்புறம்தான் அண்ணனுக்கு அந்தப் புத்தி வந்துச்சு. அந்தக் கினிக்கோழிக்காரன்கிட்ட கோலாக் கொட்ட வாங்கிட்டாரு தெரியுமா? எனக்கே ஆறு கொட்ட பங்கு குடுத்தாரு."

"யாரு வாங்கினது?"

"உங்கப்பன்தான். நோவாகா. உன்னக் குடுக்குறதா வாக்குக் குடுத்தாச்சு. அந்தாளு வாக்கக் கேக்கத்தான் வந்தான்."



"அப்புறம் ஏன் வேணாம்னு சொன்னாரு?"

"செத்தவங்க மனசு மாறும். அங்கேருந்து பார்த்தா எல்லாம் தெளிவாத் தெரியுமாம். அன்னைக்கு லமூசா மரக்கட்டையில உக்காந்து, முட்டியில தாடைய வச்சு, ரொம்ப நேரம் சும்மாவே இருந்தா. அண்ணன் அவளுக்குள்ள வந்து யோசிக்கிறார்னு நாங்களும் வாயத் தொறக்கல."

தவளை ஞாபகம் வந்தது.

"எந்த முட்டி, சித்தப்பா?"

"வலது."

"அப்பாவுக்கு வலது முட்டி மடங்காதே."

நான் பிறப்பதற்கு முன்பே கழுதை வண்டி ஏறி உடைந்த முட்டி அது. மரக்கட்டையில் உட்கார்ந்தால் அந்தக் கால் உலக்கைபோல் நீட்டிக்கொண்டு நிற்கும். எல்லோரும் தாண்டித்தான் போக வேண்டும். அப்பா தன் தாடையை அந்த முட்டியில் வைத்திருக்கவே முடியாது.

சித்தப்பா உரித்த கடலையை வாயில் போடாமல் விரலிடையே பிடித்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைந்தது. எப்போதெல்லாம் அவள் அப்படி உட்கார்ந்தாள் என்று எண்ணிப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"அந்த விதவைக்குப் பள்ளத்து நெலத்த விடச் சொன்னப்ப" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உன் தம்பிய அடிக்கக் கூடாதுன்னு சொன்னப்ப." பிறகு எழுந்துவிட்டார்.

"எனக்கு ரெண்டாவது பொண்டாட்டி வேணாம்னு சொன்னப்ப!"

மடியிலிருந்த கடலை முற்றமெல்லாம் சிதறியது.

"எனக்குப் புள்ள இல்ல. ஊரே சொல்லிச்சு, இன்னொருத்தியக் கட்டுன்னு. பேசி முடிச்சு வந்தேன். அவ கட்டையில உக்காந்து முட்டிய மடக்கிக்கிட்டு, 'தம்பி, ஒருத்தியோட இரு'ன்னா. அண்ணன் சொல்றார்னு வாயப் பொத்திக்கிட்டேன். இத்தன வருஷம் அண்ணன் பேச்சுன்னு இருந்தேனே. கேட்டியா? அண்ணனே இல்ல! என் குடிசைக்குள்ள படுத்திருந்தவ!"

அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலை எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்:

"சடங்குல அந்த முட்டிய யாரும் மடக்கக் கூடாது. தலாதோ, நீ நொண்டியே நட. யம்பா ஒத்துக்கிட்டா ஒத்துக்கட்டும், ஒத்துக்காட்டிக் குடுவ வேலியில தொங்கட்டும்."

"மாமா, அவங்க பாவம் இல்லையா?" என்றாள் தலாதோ.

"அண்ணன் வாயில தன் பேச்சப் போட்டாளே, அது பாவம் இல்லையா? செத்தவர் கோவிச்சிருந்தா? நாலு நாள் காய்ச்சல்ல போனாளே, அது என்ன காய்ச்சல்னு யாருக்குத் தெரியும்?"

அவர் கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். அவளுக்காகப் பயம். அது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எனக்கும் கோபம் வர வேண்டும் என்று எதிர்பார்த்தேன். வந்தது வேறு. அப்பா என்று நான் நினைத்து வைத்திருந்த ஒவ்வொன்றையும் எடுத்துத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினேன். பரீட்சைக்கு முன் என் நெற்றியில் மாவுத்தண்ணீர் தொட்டு வைத்தது யார்? முதல் சம்பளத்தில் நான் வாங்கிக் கொடுத்த செருப்பை, காலில் போடாமல் குதிரின் மேல் வைத்தது யார்? ஒவ்வொன்றிலும் அந்தக் கால் நீட்டியிருந்ததா, மடங்கியிருந்ததா என்று ஞாபகத்தில் தேடினேன். பாதிக்கு மேல் பிடிபடவில்லை.

சடங்குக்கு ஆறு நாள் இருந்தபோது சித்தப்பா ஒரு வெள்ளைச் சேவலைப் பிடித்தார். வீட்டுச் சுவரோரம் எங்கள் முன்னோருக்கான மண்மேடு இருக்கிறது. அங்கே போய் மாவுத்தண்ணீர் ஊற்றினார். தம்பி கழுத்தில் சிலுவை போட்டவன். இருந்தாலும் தண்ணீர்க் குடுவையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சடங்குக்குக் காய்ச்ச வேண்டிய தோலோவின் அளவு கேட்க வந்த தோயேயும் வேலியருகே நின்றுவிட்டாள்.

"அண்ணா" என்றார் சித்தப்பா. "உன் தம்பி தீகா வந்திருக்கேன். லமூசா உன் அங்கியப் போட்டுக்கிட்டுப் பேசினா. நாங்க கேட்டு நடந்தோம். அவ பேசினது உன் பேச்சா, அவ பேச்சா? சொல்லு."

சேவலின் கழுத்தை அறுத்து வீசினார். அது குதித்தது, சுவரில் மோதியது, தலாதோவின் காலருகே சுழன்றது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். கவிழ்ந்து விழுந்தால் முன்னோர் மறுத்துவிட்டார்கள். மல்லாந்து விழுந்தால் ஏற்றுக்கொண்டார்கள். கடைசியாக ஒருமுறை இறக்கையை அடித்து மல்லாந்து விழுந்தது. நெஞ்சு வானத்தைப் பார்த்திருந்தது.

"ஏத்துக்கிட்டாரு!" என்றான் தம்பி.

"ஏத்துக்கிட்டாரு" என்றார் சித்தப்பா. உடனே அவர் முகம் மாறியது. "எத?"

வேலியருகிலிருந்து தோயேயின் சிரிப்பு கிளம்பியது. சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

"குதிரக்காரன் புத்தி! ஒரு கோழிகிட்ட ரெண்டு கேள்விய ஒண்ணாக் கட்டிக் கேட்டா, பாவம், அது எதுக்குன்னு மல்லாக்க விழும்? ஆமாங்கும், இல்லங்கும். உன் பேச்சா அவ பேச்சான்னா, ஆமாங்குது!"

சித்தப்பா சேவலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அறுபது வயது. நூறு கோழிக்குக் குறையாமல் அறுத்திருப்பார்.

"இன்னொரு கோழி பிடிங்க" என்றார்.

"மாமா, இனி முட்ட போடுற கோழிதான் பாக்கி" என்றாள் தலாதோ.

அவர் மண்மேட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். தம்பி சேவலைப் பொசுக்கிச் சுத்தம் செய்தான். தோயே வேலியருகே நின்றபடி, "உன் அண்ணன விட உன் பொண்டாட்டி புத்திசாலின்னு இப்பவாச்சும் தெரிஞ்சுதா, என் அடிமை?" என்றாள். அவர் கேலி உறவுக்கான பதிலைச் சொல்லவில்லை.

"அண்ணன் முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்" என்றார் கடைசியில், தனக்குத்தானே. "கவுத்துப் போட்டிருக்கலாம். போடல. அவ சொன்னதத் தன்னுதுன்னு எடுத்துக்கிட்டாரு. அப்ப எனக்கென்ன?"

நெருப்பிலிருந்து சுட்ட ஈரலை எடுத்து ஊதி, என் உள்ளங்கையில் வைத்தார். "சாப்பிடு. வீட்டுப் பிள்ளைக்குத்தான்" என்றார். பிறகு தலாதோவிடம் திரும்பினார்.

"அவ எப்படி மடக்குவான்னு அந்த நாய்த்தலை தின்னிகிட்டயே கேட்டுக்க. அவளுக்குத்தான் தெரியும்."

சடங்கு அன்று பறைக்காரர்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். பன்னிரண்டு பானை தோலோ. கோம்தெங்காவிலிருந்து லமூசாவின் பிறந்த வீட்டார் ஒன்பது பேர் நடந்து வந்தார்கள். தோயே வாசலின் குறுக்கே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு, "என் அடிமைக வீட்டுக்கு என் அனுமதி இல்லாம எவன் போறான்?" என்று வழிமறித்தாள். ஒரு கோலாக் கொட்டையைக் கொடுத்த பிறகுதான் பாயை இழுத்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். யம்பா சிரிக்கவில்லை. ஒல்லியான உயரமான கிழவர், கையில் குடுவையை வைக்கப் புதுத் துணி ஒன்று.

தலாதோ வந்தாள். நீலத் துணி, முண்டாசு, குடுவை. அவள் காலை இழுத்து நடந்து மூன்று முறை இருமியபோது கூட்டம் ஆரவாரித்தது. அதையும் விட முடியாது. இந்த வீட்டில் அவள் வாழ்ந்த வாழ்க்கையில் பெரும்பங்கு அதுதான்.

யம்பா கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"இது யாரு? எங்க வீட்டுல நொண்டி யாரும் பொறக்கல."

பறை நின்றது. சித்தப்பா என் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் மூச்சு விடும் ஓசை கேட்டது.

தலாதோ குடுவையைக் கீழே வைத்தாள். ஆண்களின் மரக்கட்டைக்குப் போய் உட்கார்ந்தாள். வலது காலை மெதுவாக இழுத்து மடக்கினாள். இரண்டு கைகளாலும் அதைக் கட்டிக்கொண்டு, முட்டியின் மேல் தாடையை வைத்தாள். அப்படியே இருந்தாள். எதையும் பார்க்காமல், எதற்கும் அவசரப்படாமல். நூறு முறை பார்த்த காட்சி. அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

யம்பாவின் கைகள் அவிழ்ந்தன. இரண்டடி முன்னால் வந்தார். திடீரென்று, பறவை விரட்டுவதுபோல் உள்ளங்கைகளைப் பட்டென்று தட்டினார்.

"ஏய்! குருவி கம்பத் தின்னுது, பரண்ல உக்காந்து என்ன பண்ற?"

தலாதோ தாடையை எடுக்கவில்லை.

"தின்னுட்டுப் போகட்டும். யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

யம்பா மேல்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"இது எங்க பொண்ணு. இந்தப் பதிலச் சொல்லிச் சொல்லித்தான் எங்கப்பாகிட்ட அடி வாங்குவா. குடுங்க அந்தக் குடுவைய."

"அவங்க அப்படிச் சொல்வாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று பிறகு தலாதோவைக் கேட்டேன்.

"தெரியாது அண்ணி. முட்டியில தாடைய வச்சுப் பாருங்க. வேற ஒண்ணும் சொல்லத் தோணாது."

வெயில் சாய்ந்ததும் அவர்கள் குடுவையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். ஊர் எல்லையிலுள்ள புளியமரம்வரை நாங்களும் போனோம். அங்கே சித்தப்பா குடுவைக்கு முன்னால் பழக்கத்தில் குத்துக்காலிடப் போனார். பாதி குனிந்தவர் நிமிர்ந்துகொண்டார்.

"லமூசா" என்றார். அந்தப் பெயரால் அவர் அவளைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "மெதுவாப் போ."

இரண்டு நாள் கழித்து நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். பையை எடுக்க முற்றத்துக்கு வந்தபோது தலாதோ மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தாள். நீலத் துணி இன்னும் அவள் இடுப்பில்தான் இருந்தது. முட்டி மடங்கியிருந்தது.

"அண்ணி, வர்ற வருஷம் என் பெரிய பொண்ணையும் உங்களோட கூட்டிட்டுப் போங்க. அங்க படிக்கட்டும்" என்றாள்.

தம்பி வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். துணியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான், பிறகு சித்தப்பாவைப் பார்த்தான்.

"இப்பப் பேசுறது யாரு? இவளா, அவங்களா?"

வேப்பமரத்தடியில் சித்தப்பா கோலாக் கொட்டையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"கேக்கணும்னா போய் ஒரு கோழியப் பிடிச்சிட்டு வா" என்றார். "இந்தத் தடவ ஒரே ஒரு கேள்வி கேளு."

தம்பி கோழிக்கூண்டின் பக்கம் பார்த்தான். பிறகு குனிந்து சைக்கிளைத் துடைக்கத் தொடங்கினான்.